விழா நாட்களில் கொங்குச் சாப்பாடு எங்கே?



2008 முதல் நடந்துவரும் கோயம்புத்தூர் விழாவையொட்டி, இம்முறை குடும்பத்தோடு ஊரிலுள்ள பல உணவகங்களில் சாப்பிட்டுப் பார்த்தோம். சலுகை விலை விருந்துகளில் பனீருக்கும் நூடுல்ஸுக்கும் குறைவில்லை. அரிசிம்பருப்பு சாதத்தைத்தான் தேடி அலைய வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு சிறிய மெஸ்ஸில் கிடைத்தது. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தாளித்து, துவரம்பருப்போடு குழைய வெந்த சாதம், மேலே ஒரு கரண்டி நெய். அங்கேயே பள்ளிபாளையம் சிக்கனும் இருந்தது. மசாலாப் பொடி எதுவும் சேர்க்காமல், விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு இவற்றாலேயே ருசி கூட்டியிருந்தார்கள். பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

உணவகங்கள் கைகோத்தால் என்ன முடியும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1992இல் நியூயார்க் நகரில் ஒரு கட்சி மாநாட்டுக்கு வந்தவர்களுக்காக உணவகங்கள் ஒன்றுகூடி, அந்த ஆண்டையே விலையாக்கி 19.92 டாலருக்கு மதிய விருந்து அளித்தன. அது இன்று ஆண்டுதோறும் நடக்கும் உணவு வாரமாக வளர்ந்திருக்கிறது.

நம் ஊரிலும் இது முடியும். விழா நாட்களில் பெரிய ஓட்டல்களும் சின்ன மெஸ்களும் சேர்ந்து, ஒரே விலையில் ஒரு கொங்குச் சாப்பாடு போடட்டும். கொள்ளுப் பருப்பு, கம்மங்களி, தேங்காய்ப்பாலோடு சந்தகை, ஒப்பிட்டு என்று இலை நிறைய நம்மிடம் இருக்கிறது. சந்தகை பிழிவது கை வலிக்கும் வேலைதான். கேட்பவர்கள் பெருகினால் செய்பவர்களும் பெருகுவார்கள். விழாக் குழுவினரும் ஓட்டல் உரிமையாளர்களும் அடுத்த ஆண்டே இதைத் தொடங்க வேண்டுகிறேன்.

— ஒரு வாசகர், வடவள்ளி, கோவை