செத்த மீன் யோசித்ததா?

கடையில் வாங்கிய ஒரு முழு சால்மன் மீனை ஸ்கேன் இயந்திரத்துக்குள் வைத்தார், அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னட். மனிதர்களின் புகைப்படங்களை அதற்குக் காட்டி, ‘இவர் என்ன மனநிலையில் இருக்கிறார்?’ என்று கேட்டார்கள். மீன் எப்போதோ செத்துவிட்டது. ஆனாலும் கணினித் திரையில் அதன் மூளைக்குள் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது!

2009-ல் இந்த முடிவை ஒரு மாநாட்டில் வைத்தார்கள். சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான ‘இக் நோபல்’ பரிசு 2012-ல் பென்னட் குழுவுக்குக் கிடைத்தது.

செத்த மூளை எப்படிச் சிவக்கும்? மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். அதனால் ஏற்படும் ஆக்ஸிஜன் மாற்றத்தைப் பிடிப்பதுதான் எஃப்.எம்.ஆர்.ஐ. மூளையைப் பல்லாயிரம் குட்டிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ‘மாற்றம் உண்டா?’ என்று கணினி கணக்குப் போடும். உண்டென்றால் வண்ணம் பூசும். அதாவது, அந்தச் சிவப்பு கேமரா எடுத்த வெளிச்சம் அல்ல, கணக்கின் விடை.

ஆயிரம் கட்டங்களுக்கு ஒன்று தப்பாகலாம் என்று வைத்தாலே, 50,000 கட்டங்களில் 50 சும்மா சிவக்கும். மீனில் 8,064 கட்டங்களில் 16 சிவந்ததும் இந்த வகைதான். இத்தனை முறை கணக்குப் போட்டதற்கான திருத்தத்தைச் செய்ததும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதனால்தான் ஆய்வாளர்கள் தனிப் புள்ளியை நம்பாமல் கொத்தைத் தேடுகிறார்கள். ஒரு வீட்டில் மட்டும் விளக்கு அணைந்தால் ஃபியூஸ் போயிருக்கும். தெருவே இருண்டால் கரன்ட் கட். அதுபோல, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் சேர்ந்து சிவந்தால் விஷயம் இருக்கலாம்.

இதிலும் ஒரு சிக்கல். 2016-ல் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் எக்லுண்ட் குழுவினர், எந்த வேலையும் செய்யாமல் படுத்திருந்த 499 ஆரோக்கியமானவர்களின் ஸ்கேன்களைச் சோதித்தார்கள். இல்லாத கொத்து 100-க்கு 5 முறைதான் தோன்றலாம். சில அமைப்புகளில் 70 முறை வரை தோன்றியது! அடுத்தடுத்த கட்டங்கள் இயல்பாகவே ஒன்றுபோல மாறுவதை மென்பொருள்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தன. ஒரு மென்பொருளில் 15 ஆண்டுகள் ஒளிந்திருந்த பிழையும் வெளியே வந்தது. கண்டிப்பான அளவுகோல் வேண்டும் என்ற குரல் வலுத்தது.

ஆகவே, ‘மூளையில் காதல் இங்கே இருக்கிறது’, ‘செல்போனைப் பார்த்தால் குழந்தையின் மூளை இப்படிச் சிவக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தால் பதறவேண்டாம். எத்தனை பேரைச் சோதித்தார்கள்? திருத்தக் கணக்குப் போட்டார்களா? வேறு குழு செய்தபோதும் அதே இடம் சிவந்ததா? இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: தலையில் கட்டியோ பக்கவாதமோ இருக்குமோ என்ற சந்தேகத்தில் டாக்டர் எழுதிக்கொடுக்கும் எம்.ஆர்.ஐ. வேறு. அது மூளையின் உருவத்தையே காட்டும் படம். இந்த மீன் கதையைச் சொல்லி அதைத் தள்ளிப்போடாதீர்கள்!