பாண் மெஷின் வாங்க முன் கரண்ட் பில்லைப் பாருங்கள்

எங்கட ஊரில் இப்போ பாண் மெஷின் பேச்சுத்தான். வீட்டில் சுட்டால் மிச்சமாம். மிச்சம்தான், நாங்கள் மறுக்கவில்லை. ஒரு கிலோ கோதுமை மாவில் 450 கிராம் பாண் மூன்று வரும். நிறை குறைந்த பாணுக்குக் காசு கொடுக்கிற வயிற்றெரிச்சலும் இல்லை.

ஆனால் ஒரு பாணுக்கு அரை யூனிட்டுக்குக் கிட்ட கரண்ட் போகும். தினமும் சுட்டால் மாதம் 12, 15 யூனிட். 60 யூனிட்டுக்குள் சமாளிக்கிற வீடு அந்தக் கோட்டைத் தாண்டினால் முழு பில்லுக்குமே வேறு கணக்கு. பாணில் பிடித்த மிச்சம் அங்கே போய்விடும்.

பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துக் காசைத் தவணைக்குக் கட்டி மெஷின் எடுப்பதை நாங்கள் சரியென்று சொல்லமாட்டோம். ஒரே வளவில் இருக்கிற ராத்தா, தங்கச்சி வீடுகள் சேர்ந்து ஒன்று எடுக்கலாமே! கரண்ட் காசையும் பங்குபோடுங்கள். அதை மட்டும் மெஷின் வாங்க முதலே பேசிக்கொள்ளுங்கள்.