கற்கரையும் புற்கரையும்

கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்தது பேளுக்குறிச்சி. மலையில் மழை பெய்தால் ஓடைகளில் செந்நீர் இறங்கும். கோடையில் அவ்வோடைகளே மணலும் கல்லுமாகக் கிடக்கும். வாரச்சந்தைக்கு மிளகும் கடுகும் வாங்க வருவோர், வறண்ட ஓடையைக் கண்டு, “இருபுறமும் சிமெண்டுச் சுவர் எழுப்பினால் சிங்கப்பூர்போல் இருக்குமே!” என்பர். மாணவர் சிலரும் அவ்வாறு கூறக் கேட்டிருக்கிறேன். இக்கருத்து எனக்கு உடன்பாடன்று. சிங்கப்பூரே அதற்குச் சான்று.

கட்டடத்திற்கு வெளியே உள்ள நிலம், நீர், மரம், பாதை ஆகியவற்றை மக்களின் பயன்பாட்டிற்கும் இயற்கைக்கும் இசைய அமைப்பது நிலவடிவமைப்புக் கலை எனப்படும். பூச்செடி நடுதல் அதன் சிறு கூறே.

வெள்ளநீரை விரைந்து வெளியேற்றுவதற்காகச் சிங்கப்பூரின் காலாங் ஆற்றை ஒருகாலத்தில் கான்கிரீட் கால்வாயாக மாற்றினர். அக்கால்வாய் பீஷான் – அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக 2.7 கி.மீ. தொலைவு நேர்கோட்டில் ஓடியது. பிற்காலத்தில் நீர் வாரியமும் பூங்காக் கழகமும் இணைந்து அதனை உடைத்து, பூங்காவின் ஊடே வளைந்து செல்லும் 3.2 கி.மீ. ஆறாக ஆக்கின. 2012இல் அது மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. செடிகளின் வேரும் கல்லும் கொண்டு கரையை உறுதிப்படுத்தும் முறைகளை முதலில் ஒரு சிறு வாய்க்காலில் சோதித்துப் பார்த்த பிறகே ஆற்றில் கையாண்டனர். உடைத்த கான்கிரீட் பலகைகளும் வீணாகவில்லை. அவற்றைக் கொண்டு பூங்காவிலேயே ஒரு குன்று எழுப்பினர். மழை வலுத்தால் புல்வெளி ஆற்றின் பகுதியாகிவிடும். எச்சரிக்கை கேட்டதும் மக்கள் மேட்டுக்கு ஏறிவிடுவர். நீர் வடிந்ததும் குழந்தைகள் மீண்டும் விளையாடுவர். நாம் கட்ட விரும்பும் சுவரை அவர்கள் இடித்துவிட்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. சென்னை அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய சிற்றோடைப் பகுதியில் கட்டட இடிபாடுகளும் கழிவுநீரும் சேர்ந்திருந்தன. அவற்றை அகற்றி, அந்நிலத்திற்குரிய செடிகொடிகளை நட்டு, 58 ஏக்கரில் உருவாக்கிய தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. நிலத்தை முதற்பொருளாகக் கொண்ட இலக்கண நூலின் பெயரை அதற்கு இட்டது மிகப் பொருத்தம்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சிங்கப்பூரில் நகரின் முதன்மையான பகுதிகளில் கட்டடம் எழுப்புவோர், மனையின் பரப்பிற்கு ஈடான பசுமையைத் தரையிலோ மாடங்களிலோ கூரையிலோ உருவாக்கித் தரவேண்டும் என 2009 முதல் விதி உள்ளது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைப் பொதுவெளிக்கு ஒதுக்க வேண்டும். நல்ல விதிதான், ஆனால் நம் விதி இடத்தைக் கேட்கிறது, அவ்விடம் என்னவாக வேண்டும் என்று கேட்பதில்லை. ஒதுக்கிய நிலம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பல ஊர்களில் காணலாம்.

அதற்காக அவர்களுடைய புல்வெளியை அப்படியே இங்குக் கொண்டுவருதலும் பிழையாகும். அங்கு ஆண்டு முழுவதும் மழை. மொத்தம் ஏறத்தாழ 2,400 மி.மீ. நமக்கோ ஆண்டுச் சராசரி 920 மி.மீ. அளவே; அதிலும் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வறண்ட ஓடையும் கோடையில் ஆடுமாடு மேயும் ஏரியும் நம் நிலத்தின் குறைகள் அல்ல, அதன் இயல்பு. ஏரிக்கரையில் பனை நட்டதும், மிகைநீர் வழியக் கலிங்கு வைத்ததும், மதகால் நீரை அளந்துவிட்டதும் இவ்வியல்பறிந்த நிலவடிவமைப்பே. இன்றோ ‘அழகுபடுத்துதல்’ என்னும் பெயரால் ஏரியின் உட்கரையில் கான்கிரீட் பூசி, மேலே நடைபாதைக் கற்களைப் பதிக்கிறோம். அங்குத் தவளை எங்கே ஏறும்? (இதைக் கேட்டால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள்.)

இக்கலையைக் கற்க விரும்புவோர் மேல்நிலைக் கல்விக்குப் பின் ஐந்தாண்டு இளநிலைக் கட்டடக்கலைப் பட்டமும், அதன்பின் முதுநிலையில் நிலவடிவமைப்பும் பயிலலாம். வகுப்பில் இதனைக் கூறியபோது மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, நம் ஓடையை அளப்பதென்றால் வறண்டிருக்கும்போது அளக்க வேண்டுமா, நீர் வரும்போதா?” என்று வினவினாள்.

இரண்டு முறையும் அளக்க வேண்டும் என்றேன்.