கோப்பை மழை

குழந்தைகளுக்கு ஓபரா என்றதும், மோட்சார்ட்டைக் கத்தரித்துச் சுருக்கி ஊட்டிவிடத்தான் பல குழுக்களுக்குத் தோன்றுகிறது. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் அப்படிச் செய்யவில்லை. 1958-இல் ஆல்டிபரோ இசைவிழாவுக்காக, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள ஆர்ஃபோர்ட் என்ற சிற்றூரின் தேவாலயத்தில், ‘நோயீஸ் ஃப்ளட்’ (நோவாவின் வெள்ளம்) என்ற புத்தம்புதுப் படைப்பையே அரங்கேற்றினார். நோவாவின் பேழைக்குள் ஏறும் விலங்குகளெல்லாம் சஃபோக் வட்டாரப் பிள்ளைகள். மழைத்துளி ஓசைக்கு விலையுயர்ந்த வாத்தியம் எதையும் தேடவில்லை. தேநீர்க் கோப்பைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் தட்டச் சொன்னார். விரலே வைக்காமல் வயலினில் வெறுந்தந்தி இழுக்கத் தெரிந்த பிள்ளைக்கும் வேலை உண்டு (இதில் சுருதி பிசகினால் வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும்!). தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து சேர்ந்து பாடினார்கள். கத்தரித்த மோட்சார்ட்டுக்கு ஆகும் பணத்தை வட்டாரக் குழுக்கள் உள்ளூர் இசையமைப்பாளர் ஒருவரிடம் கொடுத்து, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே எழுதச் சொல்லலாம்.