பிக் பாஸுக்கு ஓட்டு, வாடகை வீட்டுக்கு 'நோ'வா? கொங்கு மண்டலத்தில் டிவி மாற்றியதும் மாற்றாததும்

2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையின் லோட்டஸ் நியூஸ் சேனலில் செய்தி வாசித்தார் பத்மினி பிரகாஷ். இந்தியாவின் முதல் திருநங்கை செய்தி வாசிப்பாளர் என்று நாடு முழுக்கப் பேசப்பட்டார். நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

ரியாலிட்டி ஷோவில் என்ன புதுசு?

2008-லேயே விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியை ரோஸ் நடத்தினார். 2021 பிக் பாஸில் நமிதா மாரிமுத்து பங்கேற்று, முதல் வாரத்திலேயே வெளியேறினார். அடுத்த சீசனில் ஷிவின் கணேசன் இறுதிவரை வந்து, 2023 ஜனவரியில் மூன்றாம் இடம் பிடித்தார். அவரைக் காப்பாற்றியது பார்வையாளர்களின் ஓட்டு.

சினிமா பல காலம் திருநங்கைகளைக் கேலிக்குத்தான் பயன்படுத்தியது. பிக் பாஸ் வீட்டிலோ அவர் சமைக்கிறார், சண்டை போடுகிறார், அழுகிறார். நூறு நாள் பார்த்தால், 'நம்ம பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரிதானுங்களே' என்ற எண்ணம் தானாக வரும். நேரில் பழகாமலே திரை வழியாக வரும் இந்தப் பழக்கம் வெறுப்பைக் குறைக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் ஷியாப்பாவும் குழுவினரும் 2005-ல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரிட்டனின் 'பிக் பிரதர்' பட்டத்தைத் திருநங்கை நாடியா அல்மாடா வென்றிருந்தார்.

அப்புறம் ஏன் தயக்கம்?

ஓட்டுப் போடச் செலவில்லை, ஊரும் கேட்காது. திருப்பூரில் வாடகைக்கு வீடு கொடுப்பதும், பொள்ளாச்சியில் பெற்ற பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் அப்படியல்ல. 'சொந்தபந்தம் என்ன பேசும்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. திரையில் இடம் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் திருநங்கைகள். திருநம்பிகளும் தன்பாலீர்ப்பாளர்களும் அரிதாகவே தெரிகிறார்கள். 2018-ல் 377-வது பிரிவிலிருந்து விடுதலை கிடைத்தாலும், 2023-ல் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

முகத்தைப் பழக்கப்படுத்துவதுவரை டிவியின் வேலை. வேலை கேட்டு மில் வாசலுக்கு வரும் திருநங்கையை உள்ளே கூப்பிடுவது மில் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது.