வயோலாக்காரியின் ஒரு மணி நேரம்

அமெரிக்க இசைப் பள்ளிகளில் மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் அரங்கு கிடைப்பது, தை முகூர்த்தத்துக்குக் கல்யாண மண்டபம் பிடிக்கிற கதைதான். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் வாத்தியம் வாசிக்கிற பிள்ளைகள் தனிக் கச்சேரி கொடுத்தாக வேண்டும். ‘சீனியர் ரிசைட்டல்’ என்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் ஒன்று முடிந்தால் அடுத்தது. ட்ரம்பெட்காரன் வெளியே வரும்போதே ஓபோக்காரி உள்ளே நுழைகிறாள். இண்டியானா மாநிலம் புளூமிங்டனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் எனக்கு, இந்த ஏப்ரல் முழுக்க ஜேக்கப்ஸ் இசைப் பள்ளியில்தான் பொழுது போயிற்று. டிக்கெட்டும் கிடையாது, ‘நீங்கள் யார்’ என்று கேட்பாரும் கிடையாது.

கேட்டவற்றில் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது ஒரு வயோலா கச்சேரி.

வயோலா தெரியாதவர்களுக்கு: பார்க்க வயலின் மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெரிது. சுருதி வயலினைவிட ஒரு ச-ப தூரம் கீழே. கணக்குப்படி பார்த்தால் அதன் உடம்பு வயலினைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது இருபது அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் தோளில் வைத்து வாசிக்க முடியாது. ஆகவே பதினாறு அங்குலத்தை ஒட்டி நிறுத்திக்கொண்டார்கள். உடம்புக்கும் சுருதிக்கும் பொருந்தாத இந்தச் சமரசத்தால்தான் அதன் குரலில் லேசாக மூக்கடைத்த ஒரு கம்மல். எனக்கு அந்தக் கம்மல்தான் பிடிக்கிறது. நம் பாலமுரளிகிருஷ்ணாவுக்கும் பிடித்திருக்க வேண்டும், அவர் வயோலாவும் வாசித்தவர்.

ஆர்க்கெஸ்ட்ராவில் இதற்கு நடுவிடம். மேலே வயலின் பாடும், கீழே செல்லோ தாங்கும், இடைவெளியை வயோலா நிரப்பும். இருப்பது தெரியாது, எடுத்துவிட்டால் இல்லாதது தெரியும். அதனாலேயே வயோலாக்காரர்களைக் கிண்டல் செய்ய ஒரு பெரிய ஜோக் பட்டியலே புழங்குகிறது. ஒருவர் காரில் வயோலாவை வைத்துவிட்டு, யாராவது எடுத்துக்கொண்டு போகட்டும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனாராம். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு வயோலா இருந்ததாம்!

மேடைக்கு வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். பியானோவின் மூடியைப் பாதிக்கும் குறைவாகத்தான் திறந்து வைத்திருந்தார்கள். முழுக்கத் திறந்தால் வயோலாவின் கீழ்த்தந்தி காதில் விழாது. பியானோவில் ‘ஏ’ ஸ்வரத்தை ஒருமுறை தட்டச் சொல்லிக் கேட்டாள், பிருடையை ஒரு மயிரிழை திருப்பினாள், இடது உள்ளங்கையைக் கவுனில் துடைத்துக்கொண்டாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் ஆசிரியர் நிகழ்ச்சித்தாளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். மொத்தம் முப்பது பேர் இருந்திருப்போம்.

முதலில் பாக். செல்லோவுக்கு எழுதிய தனி வாத்திய சூட்களில் ஒன்றை, வயோலாவில் ஒரு ஸ்தாயி மேலே வைத்து வாசிப்பது வழக்கம். வயோலாவுக்கென்று எழுதிய பழைய பொக்கிஷம் குறைவு என்பதால் இப்படிக் கடன். நன்றாகவே வாசித்தாள், ஆனால் பரீட்சை எழுதுகிற கவனம் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

அடுத்தது ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித்தின் ‘இரங்கல் இசை’. 1936 ஜனவரியில், தன் புதிய வயோலா கான்செர்ட்டோவை வாசிக்க லண்டன் வந்திருந்தார் ஹிண்டமித். 20ஆம் தேதி இரவு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறந்துபோனார். கச்சேரி ரத்து. பிபிசிக்காரர்கள் ஓர் அறையைக் கொடுக்க, மறுநாள் சில மணி நேரத்தில் இதை எழுதி முடித்து, வானொலியில் தானே வயோலா வாசித்தார். மொத்தமே எட்டு நிமிஷம். தந்தி ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதில் இங்கே பியானோ. கடைசிப் பகுதியில் ஒரு பழைய தேவாலய மெட்டு வருகிறது. ஒவ்வொரு வரிக்கும் நடுவே பியானோ நிற்க, வயோலா மட்டும் தனியாக ஏதோ சொல்லிவிட்டு ஓய்கிறது. பரீட்சைக் கவனம் அங்கேதான் அவளை விட்டுப் போயிற்று.

இடைவேளைக்குப் பிறகு ரெபெக்கா கிளார்க்கின் சொனாட்டா. நான் போனதே இதற்காகத்தான்.

கிளார்க் இங்கிலாந்துக்காரர், தானே வயோலா கலைஞர். 1910களின் தொடக்கத்தில் ஹென்றி வுட் தன் லண்டன் ஆர்க்கெஸ்ட்ராவில் பெண்களைச் சேர்த்தபோது உள்ளே போன முதல் சிலரில் ஒருவர். 1919இல் எலிசபெத் கூலிட்ஜ் என்ற அமெரிக்கச் சீமாட்டி வயோலா-பியானோ படைப்புகளுக்கு ஒரு போட்டி வைத்தார். பெயரில்லாமல் அனுப்ப வேண்டும். எழுபதுக்கும் மேல் வந்தன. கடைசியில் இரண்டு படைப்புகளுக்கு நடுவர்களின் வாக்கு சரிபாதியாகப் பிரிந்துவிட்டது. கூலிட்ஜ் தன் வாக்கைப் போட்டார், எர்னெஸ்ட் பிளாக் என்பவருக்குப் பரிசு. தோற்றுப்போன மற்றது யாருடையது என்று பார்த்தால் ஒரு பெண்ணின் பெயர். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இவ்வளவு கம்பீரமானதை ஒரு பெண் எழுதியிருக்க முடியாது, யாரோ ஆண்தான் புனைபெயரில் அனுப்பியிருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. கிளார்க் 1979 வரை, 93 வயது வரை வாழ்ந்தார். நடுவில் பல பத்தாண்டுகள் அவரை உலகம் மறந்தே போயிருந்தது.

கதை தெரிந்துகொண்டு கேட்டால் அந்த முதல் வரி வேறு மாதிரி விழுகிறது. பியானோ ஒரு ஸ்வரக்கூட்டத்தைத் தட்டிப் பிடித்துக்கொள்ள, வயோலா எக்காளம் மாதிரி எழுகிறது. இடைவெளி நிரப்புகிறவளின் குரல் இல்லை அது. அந்தப் பெண் வில்லை இறக்கிய வேகத்தில் அதில் பூசிய ரோசின் தூள் விளக்கு வெளிச்சத்தில் பறந்தது. நடுவில் ஓரிடத்தில் பியானோக்காரர் பக்கம் புரட்டுவது அரை நொடி தாமதமாக, அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்வரத்தை நீட்டிக் காத்திருந்து சேர்த்துக்கொண்டாள். நான்கு வருஷப் படிப்பு எங்கே போனது என்று யாராவது கேட்டால் அந்த அரை நொடியைக் காட்டலாம். மூன்றாம் பகுதியைப் பியானோ தனியாக, குழந்தைப் பாட்டு மாதிரி எளிமையாகத் தொடங்குகிறது. முடிவில் அந்த முதல் எக்காளம் திரும்பி வருகிறது.

இனி இவள் வேலை தேட வேண்டும். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களிலேயே வயோலாவுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு நாற்காலிதான். ஒன்று காலியானால் நாடெங்கும் இருந்து வந்து வாசிப்பார்கள். தேர்வில் நடுவர்களுக்கும் வாசிப்பவருக்கும் இடையே திரை கட்டுகிற வழக்கம் இங்கே 1970களில் பரவியது. ஆணா, பெண்ணா, யாருடைய சிஷ்யர் என்று தெரியாது, வாசிப்பு மட்டும் கேட்கும். 1919 போட்டியில் பெயரை மறைத்தார்கள், இப்போது ஆளையே மறைக்கிறார்கள். பெயர் தெரிந்த பிறகும் நம்ப மறுத்தவர்களை நினைத்தால், திரை கட்டியது சரிதான்.

பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் தங்க வந்து, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் பல்கலைக்கழகம் இருந்து, அதில் இசைத் துறையும் இருந்தால் அதன் நிகழ்ச்சி அட்டவணையைப் பிள்ளைகளிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மாணவர் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். முப்பது பேர் இருக்கிற அரங்கில் நீங்கள் முப்பத்தோராவது ஆளாகப் போய் உட்கார்ந்தால் வாசிக்கிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கைதட்டுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். சொனாட்டா என்றால் மூன்று நான்கு பகுதிகள் இருக்கும், எல்லாம் முடியட்டும்.