வக்கீல் கணேஷுக்கு சிங்கப்பூரில் என்ன வேலை?

சுஜாதாவின் வாசகர்களிடம் கணேஷ் எப்படி இருப்பார் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அளவாகப் பேசுகிற, மூளையால் முடிச்சை அவிழ்க்கிற வக்கீல். 1968-ல் ‘நைலான் கயிறு’ கதையில் அறிமுகமானவர். பின்னால் குறும்புக்கார ஜூனியர் வசந்த்தும் சேர்ந்துகொள்ள, கொலைக் கதை படித்துக்கொண்டே சிரிக்கவும் முடிந்தது.

அந்த கணேஷ் 1978 டிசம்பரில் ‘ப்ரியா’ படத்தில் ரஜினிகாந்த்தாக வந்தார். ப்ரியாவாக ஸ்ரீதேவி. பஞ்சு அருணாசலம் திரைக்கதை, எஸ்.பி.முத்துராமன் இயக்கம், இளையராஜா இசை. இவ்வளவு பேர் இருந்தும் நாவலைப் படித்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

நாவலில் லண்டன், படத்தில் சிங்கப்பூர். அது பெரிய குற்றமில்லை. அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சிக்காரருக்கும், கல்வராயன் மலையில் இருந்தவருக்கும் இரண்டு ஊருமே எட்டாத தூரம்தான். விமானமே ஏறாதவர்களுக்கு டிக்கெட் காசில் சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டியது படம். அதனால் நன்றாகவும் ஓடியது. ஏமாந்தது தியேட்டர்காரர் இல்லை, வாசகர்தான்.

எங்கே சறுக்கியது? நாவலில் கணேஷுக்கு எல்லாம் தெரியாது. அவர் சந்தேகப்படும்போது நாமும் சந்தேகப்படுவோம், அவர் தடுமாறும்போது நாமும் தடுமாறுவோம். கதையின் ருசியே அதுதான். படத்தின் கணேஷோ ஹீரோ. சண்டை போட வேண்டும், மலாய்ப் பெண்ணைக் காதலிக்க வேண்டும், பாட வேண்டும். யோசிக்க அவருக்கு நேரமே இல்லை.

சிரிப்புக்கும் அதே கதிதான். சுஜாதாவின் நகைச்சுவை பெரும்பாலும் கதை சொல்லும் வரியிலேயே ஒளிந்திருக்கும். வாக்கியம் முடிகிற இடத்தில் சின்னதாகக் கிள்ளும். வர்ணனை வரியை கேமராவால் பிடிக்க முடியாது. அதை வசனத்திலோ, ஒரு பார்வையிலோ புதிதாகப் பிறப்பிக்க வேண்டும். ‘ப்ரியா’வில் அது நடக்கவில்லை.

தன் கதைகள் சினிமாவான விதத்தில் சுஜாதாவுக்கே நிறைவு இருந்ததில்லை என்பதும் வாசகர்கள் அறிந்ததே.

படத்தை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். ஸ்டீரியோவில் பதிவான அதன் பாடல்கள் இன்றும் கேட்கப்படுகின்றன. பாட்டும் சண்டையும் இல்லாமல் ரஜினி படம் எடுக்க அந்தக் காலத்தில் யாரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு நஷ்டம் உண்டு. இன்று வெள்ளிமலையில் இருக்கும் பிள்ளையும் போனில் ‘ப்ரியா’வைப் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு, ‘கணேஷ் என்றால் இவ்வளவுதானா?’ என்று புத்தகத்தைத் தொடாமலே போய்விடலாம். அதனால் வீட்டில் யாராவது படம் பார்க்க உட்கார்ந்தால், முதலில் நாவலைக் கையில் கொடுத்துவிடுங்கள். படம் எங்கேயும் ஓடிவிடாது.